பெயின்ட்டுக்கு லட்சம், பிரேக்குக்கு ரப்பர் கிட்டா?

பழைய அம்பாசடர் தேடிக்கொண்டு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்க கோபி பக்கம் ஆள் வருவது இப்போது மஞ்சள் சீசன் மாதிரி ஆகிவிட்டது. தை பிறந்தால் போதும், வந்துவிடுகிறார்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தென்னை மட்டையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுக்கிறார்கள். "கிரில் ஒரிஜினலுங்களாண்ணா? மீட்டர் ஒரிஜினலுங்களா? ஸ்டீயரிங் பக்கத்து கியர்தானுங்களே?" என்று ஒன்று விடாமல் கேட்கிறார்கள். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், "பிரேக் எப்படீங்க?" என்று கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை. நாமாக எடுத்துச் சொன்னாலும், "அது பார்த்துக்கலாங்கண்ணா, கிட் போட்டா சரியாயிடும்" என்கிறார்கள்.

அந்தியூர் சந்தையில் வண்டி மாடு வாங்குகிற எங்க ஊர்க்காரன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், எல்லாம் பார்ப்பான். கடைசியாக வண்டியில் பூட்டி ஓட்டி, கயிற்றை இழுத்தால் நிற்கிறதா என்று பார்ப்பான். நிற்காத மாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிமாட்டு விலைதான். அந்தப் புத்தி இரும்பு வண்டி வாங்கும்போது எங்கே போகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இது உங்க காசு, உங்க ஆசை, எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். வண்டி உங்களுடையதுதான். ரோடு எங்களுதுங்க. நீங்க சனி ஞாயிறு ஓட்டிப் பார்க்க வருகிற ரோட்டில்தான் எங்க ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் டியூஷன் போகின்றன, ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடுகிறது, அப்பத்தா ஒருத்தர் காது கேட்காமல் நடுவில் நடந்து போகிறார். ஆயிரம் கிலோவுக்கு மேல் கனமான, அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய டிசைனில் செய்த ஒரு வண்டி நிற்குமா நிற்காதா என்பது வாங்கினவரின் சொந்த விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த வண்டி என்ன என்று பார்த்துவிடலாம். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. அதை மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து 2014 வரைக்கும் செய்தது. பழைய மார்க் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடல் தரையிலிருந்து முளைத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கடியில், சேறும் தண்ணியும் அடிக்கிற இடத்தில் ஒளிந்திருக்கும். மிதியடியைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் ஆயில் ஊற்றவே முடியும். பூஸ்டர் கிடையாது. பிந்தைய வண்டிகளில்தான் தொங்கும் பெடல், டிஸ்க் பிரேக், பூஸ்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது.

இப்போது மாஸ்டர் சிலிண்டர். சின்ன வயதில் ஊர்ப் பொதுக்கிணற்று அடிபம்பை அடித்திருப்பீர்களே, அதேதான். பம்புக்குள் ஒரு லெதர் வாஷர் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் கைப்பிடி லொடக் லொடக் என்று ஏறி இறங்கும், தண்ணி வராது. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன், அதன் முன்னால் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர். பெடலை மிதித்தால் பிஸ்டன் முன்னால் போய் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் குழாய் வழியாகப் போய் சக்கரத்தில் இருக்கிற சிலிண்டரைத் தள்ளும், அது ஷூவை டிரம்மில் அழுத்தும். உங்க உயிரும் எதிரே வருகிறவர் உயிரும் அந்தக் கிண்ண ரப்பரின் உதட்டில் இருக்கிறது. விரல் நகத்தளவு அகலம்கூட இல்லாத உதடு.

அந்த ரப்பர் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. இதைத்தான் யாரும் புரிந்துகொள்வதில்லை. ஆயில் பிஸ்டனைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் வந்துவிடும். வேகமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். சிக்னலில் மெதுவாக மிதித்து வைத்திருந்தால் பெடல் உங்க காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கும். தரை காய்ந்துதானே கிடக்கிறது, ஒழுகலையே என்று மெக்கானிக்கும் சொல்வார், நீங்களும் நம்புவீர்கள்.

பூஸ்டர் வேறு சமாச்சாரம். பெரிய வாணலி இரண்டைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி ஒரு டப்பா. நடுவில் ரப்பர் திரை. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலை ஒரு ஓஸ் வழியாக இந்த டப்பாவுக்குக் கொடுத்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது திரைக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம். பெடலை மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து பின்பக்கம் மட்டும் வெளிக்காற்றை விடும். காற்றின் கனம் திரையை முன்னால் தள்ளும், திரை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும். 9 அங்குல டப்பா என்றால் திரையின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ வித்தியாசம் கிடைத்தால்கூட 240 கிலோ தள்ளல். ஒரு முழு நெல் மூட்டையை அல்ல, மூன்று மூட்டையை உங்க காலோடு சேர்த்து ஏற்றி வைத்த மாதிரி.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 'பூஸ்டர் போட்டால் பிரேக் நல்லாயிடும்' என்று நினைக்கிறார்கள். பூஸ்டர் பிரேக்கை நல்லதாக்காது, காலை லேசாக்கும். அவ்வளவுதான். டிரம்மில் ஷூ பிடிக்கிற பிடி, டயர் ரோட்டில் பிடிக்கிற பிடி, சூடேறினால் ஆறுகிற வேகம், இது எதையும் பூஸ்டர் தொடவே தொடாது. கெட்டுப்போன மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் புது பூஸ்டரை வைப்பது, இற்றுப்போன பிவிசி குழாய்க்குப் புதுசாக ஏழரை குதிரை மோட்டார் மாட்டுகிற வேலை. எங்கே வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சொல்லப்போனால் எங்க கோபி மெக்கானிக் அண்ணன் பூஸ்டர் என்றாலே முகத்தைச் சுளிப்பார். "டிரம் பிரேக்குக்கு அது எதுக்குங்க? முன் ஷூ தானே டிரம்முக்குள்ள இழுத்துக்கும். டிரம்மை லேத்துல ஓட்டி, ஷூவை டிரம்முக்கு ஒட்டினாப்ல அட்ஜஸ்ட் பண்ணினா பொம்பளப் புள்ளைங்க காலுக்கே நிக்கும்" என்பார். பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னதை விடுங்கள், எங்க வீட்டில் டிராக்டர் ஓட்டுவது என் தங்கச்சிதான். மற்றபடி அவர் சொல்வது சரி. டிரம் சுற்றும்போது முன் ஷூவைத் தானாகவே உள்ளே இழுக்கும், அதனால் கால் பலம் குறைவாகவே போதும். டிஸ்க்குக்கு அந்த இழுவை கிடையாது, அதற்குத்தான் பூஸ்டர் கட்டாயம் வேண்டும். ஆக, நான்கு டிரம்மும் ஒழுங்காக இருக்கிற மார்க் வண்டிக்குப் பூஸ்டர் ஆடம்பரம். மாஸ்டர் சிலிண்டர் அவசியம். ஜனங்கள் ஆடம்பரத்துக்குச் செலவழித்துவிட்டு அவசியத்துக்குப் பேரம் பேசுகிறார்கள்.

என் அக்கா மகன் கதையைச் சொன்னால் புரியும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. 1995 மாடல், இசுசு பெட்ரோல் இன்ஜின் போட்ட 1800 வாங்கினான். தொங்கும் பெடல், இன்ஜினுக்குப் பின்சுவரில் பூஸ்டர், அதன் மூக்கில் மாஸ்டர் சிலிண்டர். பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் மட்டும் ஒன்றரை லட்சம். பெடல் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு பட்டறையில் புது பூஸ்டர் போட்டுக் கொடுத்தார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும். "பாடி நல்லாத்தான் இருக்கு, எதுக்கு சார் வீண் செலவு" என்றார்களாம். நாலு மாதத்தில் சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஆயில் டப்பாவில் பிரேக் ஆயில் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை. அதே பட்டறையில் கேட்டதற்கு ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும் என்றிருக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம் என்று அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு தாளவாடி போய்விட்டுத் திம்பம் இறங்கினான்.

திம்பம் தெரியாதவர்களுக்கு: பண்ணாரி அம்மன் கோயிலிலிருந்து மேலே ஏறுகிற மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. கரும்பு லாரியும் சரக்கு லாரியும் வளைவில் திரும்ப முடியாமல் முன்னே பின்னே எடுத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு லாரிக்குப் பின்னால் இறக்கத்தில் நிற்கிறான், பெடலை மிதித்தபடி. பெடல் இறங்குகிறது. வண்டி இன்ச் இன்சாக லாரியை நோக்கி நகர்கிறது. பின் சீட்டில் அவன் பெண்டாட்டி, மடியில் குழந்தை. இரண்டு மூன்று தரம் விட்டு விட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து இழுத்து, லாரியின் கொண்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். எப்படியோ முதல் கியரில் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

எங்க அண்ணன் வந்து மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி முன்னால் இழுத்தார். பூஸ்டர் வாயிலிருந்து கறுப்பாக ஆயில் கொட்டியது, கருப்பட்டிக் காப்பி மாதிரி. உள்ளே கிண்ணம் கிண்ணமாகத் தேங்கியிருந்தது.

"மாமா, அது புது பூஸ்டர் மாமா!" என்றான்.

"பூஸ்டர் புதுசுதாங் கண்ணு. அதைக் கொன்னவன் முன்னால உட்கார்ந்திருக்கான் பாரு."

நடந்தது இதுதான். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் கசிந்தால் ஆயில் வெளியே வராது, பூஸ்டருக்குள் போகும். பூஸ்டரை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் ஆயிலும் சேர்ந்து இன்ஜினுக்குள் போய் எரியும். அதுதான் வெள்ளைப் புகை. அதுதான் 'எங்கேயும் ஒழுகாமல்' காணாமல் போன ஆயில். உள்ளே தேங்கியது பூஸ்டரின் வால்வையும் திரையையும் கெடுக்கும். சிலிண்டரின் உட்சுவரைப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். துருப்பிடித்த குழியை எமரி பேப்பரால் தேய்த்துவிட்டுப் புது ரப்பர் போட்டிருக்கிறார்கள். உப்புத்தாள் தேய்த்த சுவரில் புது ரப்பர் எத்தனை நாளைக்கு நிற்கும்? இன்ஜினை இறக்கி கேஸ்கெட் மாற்றியிருந்தால் அந்தக் காசும் போயிருக்கும், புகையும் போயிருக்காது.

ஆகவே நான் சொல்வது இது ஒன்றுதான்: பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் ஜோடி. பூஸ்டர் செத்தால் மாஸ்டரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்றுங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் அது மாஸ்டருக்கு. பெயின்ட் அடுத்த வருஷம் அடிக்கலாம், யாரும் சாகப்போவதில்லை.

'புது மாஸ்டர் கிடைக்க மாட்டேங்குதே' என்பதும் பாதி உண்மைதான். வண்டி நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் இருக்கிற பழைய ஸ்டாக்கில் ரப்பர் பெட்டிக்குள்ளேயே காய்ந்திருக்கும். ஆனால் இரும்பு நன்றாக இருந்தால் உட்சுவரைக் குடைந்து ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்லீவ் இறக்கி அளவுக்குக் கடையலாம். கோயம்புத்தூர் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேத்துக்காரருக்கா பஞ்சம்? அதைச் செய்யாமல் வேறு ஏதோ வண்டியின் சிலிண்டரை அடாப்டர் வைத்து மாட்டுகிறார்கள். மாட்டினால் அளவு பார்க்க வேண்டாமா? முக்கால் அங்குல சிலிண்டர் இருந்த இடத்தில் முக்காலே அரைக்கால் அங்குலம் போட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே அழுத்தம் வேண்டுமென்றால் காலை 36 சதவீதம் அதிகம் அழுத்த வேண்டும். பெடல் கெட்டியாக, மேலேயே நிற்கும். 'ஆஹா, எவ்வளவு கெட்டியா இருக்குது பிரேக்' என்று ஓனர் பூரித்துப்போவார். வண்டி நிற்க ஆளுயரம் கூடுதல் தூரம் எடுக்கும்.

டிரம்முக்கான மாஸ்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிற வால்வு ஒன்று இருக்கும். எங்க கிணற்று ஃபுட் வால்வு மாதிரி, காற்று உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும். முன்சக்கரத்தை டிஸ்க்காக மாற்றிவிட்டு அந்த வால்வை எடுக்காமல் விட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். பூஸ்டரிலிருந்து மாஸ்டரைத் தள்ளுகிற கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும். கம்பி நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுசாகத் திரும்பி வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்ன ஓட்டை அடைபடும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, திரும்ப வழியில்லாமல், நான்கு சக்கரமும் தானாகப் பிடித்துக்கொள்ளும். கோபியிலிருந்து சத்தி போவதற்குள் டிரம்மில் தோசை சுடலாம். புது பாகம் வாங்கி மாட்டிவிட்டாலே முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பாகத்தின் விலை பாதி, அளந்து மாட்டுகிற பொறுமை பாதி.

அடுத்து, 'ஒரிஜினல்' கோஷ்டி. இவர்களிடம் பேசுவதுதான் கஷ்டம். பழைய மார்க் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஒரு ஓஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கக்கினால், நான்கும் போச்சு. ஹேண்ட் பிரேக் மட்டும் மிச்சம். இரண்டு அறை உள்ள டேண்டம் மாஸ்டர் என்றால் முன்னால் இரண்டுக்கு ஒன்று, பின்னால் இரண்டுக்கு ஒன்று. ஒன்று போனால் இன்னொன்று வண்டியை எப்படியாவது நிறுத்தும். அமெரிக்காவில் 1968-லேயே கார்களுக்கு இது சட்டமாகிவிட்டது. அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றால், "வண்டியோட ஆன்மா போயிடுங்க" என்கிறார் ஒருவர். ஆன்மாவா? அதே வண்டியில் புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. ஏசி இருந்தது. பின் கண்ணாடியில் கேமரா இருந்தது. ஆன்மா போவது பிரேக்கில் மட்டும்தான் போலிருக்கிறது.

நிஜமாகவே ஒரு ஆணிகூட மாற்றாமல் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்கு 2021-ல் மத்திய அரசே வழி செய்திருக்கிறது. 50 வயது தாண்டிய, மூல வடிவத்தில் இருக்கிற வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு. நம்பர் பிளேட்டே தனி. ஆனால் தினப்படி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு. அது நியாயமான ஏற்பாடு. மியூசியத்தில் வைக்கிற பொருளை மியூசியத்தில் வையுங்கள். மருமகப்பிள்ளை அழைப்புக்கு ஏழு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எங்க பஸ் ஸ்டாண்டுக்குள் வருவதாக இருந்தால் இரண்டு சுற்று பிரேக்கோடு வாருங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. தரையடி மாஸ்டர் இருக்கிற வண்டிக்கு, குழாய் நடுவில் மாட்டுகிற தனி பூஸ்டர் ஒன்று உண்டு. அதை இன்ஜின் ரூமில் பளபளவென்று வைத்துவிட்டு, 'பவர் பிரேக் ஆக்கியாச்சு' என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். ஒரே சுற்று ஒரே சுற்றுதான் ஐயா. குழாய் எத்தனை பூஸ்டர் வழியாகப் போனாலும் ஒரு ஓட்டையில் எல்லாம் போகும். கூடுதலாக ஒழுகுவதற்கு ஒரு இடம் சேர்ந்ததுதான் மிச்சம்.

டீசல் மாற்றின வண்டிகள் வேறு. எங்க பக்கம் பெட்ரோல் விலைக்குப் பயந்து பல அம்பாசடருக்கு அந்தக் காலத்திலேயே மெட்டடார் இன்ஜின் ஏற்றிவிட்டார்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி உறிஞ்சல் கிடையாது, காற்று வழியில் மறிக்கிற தட்டே இல்லையே. அதனால் ஆல்டர்னேட்டர் முதுகிலோ தனியாகவோ வேக்யூம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் டீசல் வண்டியில் பூஸ்டர் மாட்டி, ஓஸை மேனிஃபோல்டில் சொருகி வைத்த அழகை நானே பார்த்திருக்கிறேன். சும்மா ஒரு தகர டப்பா. இன்னொரு வண்டியில் பம்பெல்லாம் சரி, ஆனால் ஓஸ் மட்டும் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ஓஸ். உறிஞ்சினால் அது சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். வேக்யூமுக்கென்று கெட்டி ஓஸ் விற்கிறது, விலையும் பெரிதாக இல்லை.

மலை இறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் விடுகிற புண்ணியவான்கள் இன்னமும் இருக்கிறார்கள். பூஸ்டர் இருக்கிற வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் நின்றால் டப்பாவுக்குள் மிச்சமிருக்கிற வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பெடல் பாறை. மூன்று மூட்டை தள்ளிக்கொண்டிருந்தது நின்றுபோய் உங்க காலே எல்லாவற்றையும் தள்ள வேண்டும். பூஸ்டரே இல்லாத வண்டியில் காலுக்கு அந்தக் கனம் பழக்கமாகவாவது இருக்கும். ஏறின கியரில் இறங்கு என்று எங்க அப்பாரு சொல்வார், லாரி ஓட்டினவர்.

ஆயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் என்று பெயர்தானே தவிர அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்ததும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். திம்பத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சூடு பெரிய விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும், பெடல் பஞ்சு. வருஷக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டியின் ஆயிலை 'அப்படியே இருக்கட்டும்' என்று விடுவதும், குறைந்தால் கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவதும் ஒரே ஜாதிப் பாவம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இட்லியாகிவிடும். அப்புறம் நான்கு வீல் சிலிண்டர், மாஸ்டர், ஓஸ் எல்லாம் குப்பைக்கு. ஆயில் மாற்றும்போது புது பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டால் பெயின்ட் உரியும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அதற்காகவாவது பிரேக் வேலையை முதலில் செய்வீர்கள் அல்லவா?

வண்டி வாங்க வருகிறவர்கள் எங்க வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டே செய்து பார்க்கலாம், ஐந்து நிமிஷம். இன்ஜினை ஆஃப் பண்ணி பெடலை நாலைந்து தரம் மிதித்து விடுங்கள். அப்புறம் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே போய் நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாவிட்டால் டப்பாவோ ஓஸோ காலி. இப்போது மிதித்தபடியே இன்ஜினை நிறுத்தி அரை நிமிஷம் பிடியுங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் வேக்யூம் கசிகிறது. தானாகக் கீழே இறங்கினால், வெளியே ஒழுக்கு எதுவும் இல்லையென்றால், மாஸ்டர் போச்சு. காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் குரோம் பம்பருக்குத்தான் முதல் செலவு என்றால் நான் என்ன சொல்ல.

அக்கா மகன் வண்டி இப்போது எங்க கொட்டகையில்தான் நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டர் ஸ்லீவ் போட கோயம்புத்தூர் போயிருக்கிறது, பூஸ்டர் இரண்டாவது தடவையாகப் புதுசு வாங்கி வைத்திருக்கிறான், நான்கு ஓஸும் வந்தாயிற்று. மாட்டுவதற்கு முன் மாஸ்டரை வைஸில் வைத்து தனியாக ஏர் எடுக்கணும், அப்புறம் தூரத்து சக்கரத்திலிருந்து ஆரம்பித்து இடது பின், வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். மிதிக்க ஆள் நான், நிப்பிள் திருக அண்ணன். தாளவாடிக்கு மறுபடி போகணும் என்கிறான் பையன். போகட்டும். இந்த வாரம் வேண்டுமானால் சத்தியிலிருந்து பஸ் இருக்கிறது.